அரை இஞ்ச் டம்மி

எங்கள் சங்குமுனையில் இன்றைக்கும் நாற்பது வீடுகளில் ஆறாத வெந்நீர் இருக்கிறது. குடத்திலும் அண்டாவிலும் பழைய பெயின்ட் டப்பாவிலும் அதை மூடிபோட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துக் குளிப்பதில்லை, யாரும் கொட்டுவதுமில்லை, விருந்தாளி யாராவது மூடியைத் திறந்து பார்த்து இதென்ன என்று கேட்டால் காற்று இன்றைக்கு எப்படி என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தவன் நான். பெயர் கஸ்பார், தொழில் கீசர் மெக்கானிக். இந்தக் கதையை வேறு யாராவது சொன்னால் என் பங்கைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள், நல்ல மனசுக்காரர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பங்குனி பாதியில், கொண்டல் காற்று கிழக்கிலிருந்து நிதானமாக வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒற்றைப் பாய்மரம் வைத்த வெள்ளைப் படகு ஒன்று எங்கள் துறைக்குள் வந்தது. அதை ஓட்டி வந்தது அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், பெயர் எமிலி. பக்கத்தில் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர் ஞானாபரணம், கப்பல்களில் இன்ஜினியராக முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஊர்களின் பெயர் போயிற்று, பிறகு சொந்தக்காரர்கள் போனார்கள், பிறகு பெற்ற மகன் போனான், எமிலி அம்மா மட்டும் இன்னும் போகவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் மேற்குக் கடலில் ஒரு தீவில் மூன்று வருடம் குடியிருந்தார்களாம். தன்னையும் அவர் மறப்பதற்குள் அந்தத் தீவின் கரையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று அந்த அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

“அங்க போனா ஞாபகம் திரும்பும்னு எந்த டாக்டரும் சொல்லல தம்பி,” என்றார் என்னிடம். “திரும்ப வேண்டாம். நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்போதே அந்த மணல்ல ஒரு நாள் ரெண்டு பேரும் உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்.”

அதற்குக் குமரிமுனையைச் சுற்றிப் போக வேண்டும், அதற்குக் கொண்டல் காற்று வேண்டும். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அறையும், பிறகு பாய்மரப் படகு நான்கு மாதம் கட்டிய இடத்தில் கிடக்க வேண்டியதுதான். இப்படி நாள் எண்ணிக் கிளம்பியவர்களைப் பாதி வழியில் எங்கள் துறைக்குள் திருப்பிவிட்டது ஒரு கீசர். படகின் பின்பக்கத்தில், உட்காரும் பலகைக்கு அடியில், இன்ஜினுக்குப் பக்கத்தில் குட்டி உருளையாக அது படுத்திருந்தது. இன்ஜின் ஓடும்போது அந்தச் சூட்டிலேயே தண்ணீர் காய்ந்துவிடும், ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் உருளையின் அடித் தையல் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, குடிக்க வைத்திருந்த டாங்கித் தண்ணீரெல்லாம் கீசர் வழியாகப் படகின் அடிவயிற்றுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. நடுக்கடலில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் பாய் இருந்தும் பலனில்லை.

எங்கள் ஊரில் மொத்தம் ஒன்பது கீசர், ஒன்பதிலும் என் கை பட்டிருக்கிறது, அதில் நான்கு இன்னும் வேலை செய்கிறது. ஆகவே என்னைக் கூட்டிப்போனார்கள். நான் பலகையைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஞானாபரணம் சார் கையை நீட்டி, “டம்மி,” என்றார்.

குழாய் வேலை தெரிந்த யாருக்கும் அது புரியும். தண்ணீர் உள்ளே போகும் குழாயைக் கீசரிலிருந்து கழற்றி, குழாயின் வாயை ஒரு சின்ன மூடியைத் திருகி அடைத்துவிட்டால் ஒழுகல் அந்த நிமிடமே நின்றுவிடும்; அந்த மூடிக்குத்தான் நாங்கள் டம்மி என்போம், கட்டைவிரல் அளவுகூட இருக்காது. வெந்நீர் வராது, அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர் பத்திரமாக இருக்கும், படகு கிளம்பலாம். மகன் பெயர் மறந்த மனிதருக்கு மருந்து மறக்கவில்லை. ஆனால் எமிலி அம்மாவுக்குத் திசையும் காற்றும் தெரியுமே தவிரக் குழாய் தெரியாது, குழாயெல்லாம் எந்நாளும் கணவருடைய வேலை. அதுபோக நோய் வந்த பிறகு அவர் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் ஏதாவது சொல்லி வைத்துக்கொண்டிருந்தார். நீட்டிய விரலுக்கு நேராகக் குழாயும் இருந்தது, நானும் இருந்தேன்.

“ஐயோ, அவரை அப்படிச் சொல்லாதீங்க,” என்று அந்த அம்மா கணவரை அதட்டிவிட்டு, “மனசுல வச்சுக்காதீங்க தம்பி,” என்றார் என்னிடம்.

அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. பையில் டம்மி இல்லை, நாளைக்கு எடுத்து வந்து மாட்டிவிட்டு விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒழுகலுக்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அரை இஞ்ச் டம்மி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், வாளி நிறைந்திருந்தது, அதைத் தூக்கிக் கடலில் கொட்டப்போனபோது விளிம்பில் கை பட்டது. தண்ணீர் சூடாக இருந்தது. இன்ஜினை நிறுத்தி ஒரு பகலும் ஒரு இரவும் ஆகியிருந்தது. இன்னொரு நாள் வைத்துப் பார்த்தேன், ஆறவில்லை. பக்கத்தில் ஐஸ் கட்டியைப் போட்டு வைத்தேன், ஐஸ்தான் கரைந்தது. கை பொறுக்கும் சூடு, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற சூடு, அப்படியே நின்றது.

என் மனைவி செலின் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். காலை ஆறு மணியிலிருந்து ஐஸுக்குள் கைவிட்டு உரித்து உரித்து, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவளுக்கு விரலை மடக்க வராது, சோற்றை நான் பிசைந்து கொடுத்தால்தான் உண்டு. அந்த வாளியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து உள்ளே வைத்தேன். பிறகு பத்து வருடத்தில் முதல்முறையாக அவளே விரலை மடக்கிப் பார்த்துவிட்டு அழுதாள். டம்மி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

செலினுக்குத் தெரிந்தது இறால் கம்பெனிக்குத் தெரிந்தது, கம்பெனிக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்தது, இரண்டாம் வாரம் துறையில் குடங்கள் வரிசை நின்றன. எங்கள் ஊர் எதையும் பெரிதாக ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்காது, வந்தால் வந்ததை எப்படிப் பங்கு வைப்பது என்றுதான் யோசிக்கும். அப்படித்தான் திங்கள் செவ்வாய் கிழக்குத் தெருவுக்கு, புதன் வியாழன் மேற்குத் தெருவுக்கு, வெள்ளி பிள்ளை பெற்ற வீட்டுக்கும் முட்டிவலிக்காரர்களுக்கும் என்று ஊர்க் கமிட்டி பேசி முடிவாயிற்று. டீக்கடைக்காரர் ஆறாத சூட்டில் இரவெல்லாம் ஊறினால் டீ இறங்கிவிடும் என்று அடுப்பை அணைத்துப்போட்டார், அந்த டீயைக் குடித்தவர்கள் வயிறு இரண்டு நாளைக்குக் கணகணவென்று இருப்பதாகச் சொல்லித் தடவிக்கொண்டே கடலுக்குப் போனார்கள். இஸ்திரிக்காரர் ஒரு தகரப் பெட்டியில் அதை ஊற்றி மூடிச் சட்டைகளை அதன்மேல் விரித்துத் தேய்த்தார். கோழி அடைகாக்க மறுத்த முட்டைகளை ஒரு வீட்டில் அந்தத் தண்ணீரை நிரப்பிய பையின்மேல் வைத்துப் பதினெட்டுக் குஞ்சு எடுத்தார்கள். தண்ணீர் சிந்திய மண்ணும் ஆறாமல் கிடந்ததால் துறையிலிருந்து தெருமுனை வரைக்கும் பூனைகள் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாகப் படுத்துத் தூங்கின, குடம் தூக்கி வருகிறவர்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகிக்கொண்டார்கள். எங்கள் சர்ச் பங்குச்சாமியிடம் போய் இது அற்புதமா என்று கேட்டோம். அவர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “அற்புதம்னா ஆயருக்கு எழுதணும், எழுதினா விசாரிக்க ஆள் வரும், ஆள் வந்தா ஒரு மாசம் சாப்பாடு போடணும், அதனால இது வெந்நீர்,” என்று சொல்லிவிட்டு, தன்னுடைய இளைப்புக்கு ஒத்தடம் கொடுக்க இரண்டு குடம் அனுப்பச் சொன்னார்.

எமிலி அம்மா இதற்கெல்லாம் சந்தோஷப்பட்டார் என்பதுதான் கொடுமை. ஒழுகுகிற தண்ணீர்தானே, யாருக்காவது உதவட்டும் என்று காலையில் அவரே பலகையைத் தூக்கி வைத்துவிடுவார். துறைக் குழாயிலிருந்து படகு டாங்கிக்கு நாங்கள் ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பினோம். குடிக்கத்தான் நிரப்புகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார், ஒழுக வேண்டும் என்று நிரப்பினோம் நாங்கள்.

“வேலை எப்ப முடியும் தம்பி?” என்று தினமும் கேட்பார்.

“புது உருளை சொல்லிவிட்டிருக்கேம்மா. பார்ட்ஸ் வரல,” என்பேன்.

பார்ட்ஸ் வரவில்லை என்பது எங்கள் தொழிலில் பொய்க்கணக்கில் சேராது, சளி பிடித்திருக்கிறது என்பதைப்போல அது ஒரு நிலைமை. முதல் வாரம் உருளை சென்னையில் இருந்தது, அடுத்த வாரம் லாரி ஸ்ட்ரைக், அதற்கடுத்த வாரம் வந்தது அளவு மாறி வந்தது, அதைத் திருப்பி அனுப்பியாயிற்று. உண்மையில் நான் யாருக்கும் எந்த உருளையும் சொல்லவில்லை. ஒருமுறை மனசு கேட்காமல் கமிட்டித் தலைவர் தொம்மையிடம் போய், வேலை ரொம்பச் சின்ன வேலை, முடித்து அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

“முடிக்க வேண்டாம்னு யாரு சொன்னா வே?” என்றார் தொம்மை, இரண்டு காலையும் அந்த வெந்நீர்த் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு. “அவசரப்படாதீரும்னுதான் சொல்லுதேன். நல்லாப் பாத்துச் செய்யும். நாளைக்குக் கடல்ல போயி ஒண்ணு ஆச்சுன்னா நம்ம ஊருக்குல்லா கெட்ட பேரு?”

அந்த அம்மாவுக்கு எந்தக் குறையும் நாங்கள் வைக்கவில்லை. காலையில் இடியாப்பம் ஒரு வீட்டிலிருந்து போகும், மத்தியானம் சீலா மீன் குழம்பு இன்னொரு வீட்டிலிருந்து போகும், ஞானாபரணம் சாருக்குத் தினமும் பெண்கள் முறை வைத்துப் பழம் நறுக்கிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு ஊரை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று எமிலி அம்மா சொன்னார், அதைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் சட்டென்று வீட்டில் வேலை ஞாபகம் வந்து கலைந்து போனார்கள்.

ஞானாபரணம் சாரோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் விடாமல் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். நான் படகில் கால் வைத்ததும் விரல் நீளும், “டம்மி.” வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். மூன்றாம் வாரத்தில் எனக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது, “டம்மி கஸ்பாரு வாராரு, வழி விடுங்க,” என்று கூப்பிடுவார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளதைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது. ஊர் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தால் பிறகு அதற்கு யார் அர்த்தம் தேடப்போகிறார்கள்? ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அந்த மனிதர் சுயநினைவோடு பேசுகிற ஒரே பேச்சு அதுதான் என்று. தெரிந்தவன் நான் ஒருவன், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சித்திரை இருபது தேதி வாக்கில் ஒரு நாள் குழாயைச் சும்மா தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தேன். ஞானாபரணம் சார் எழுந்து வந்து என் சட்டைப் பையைப் பிடித்தார். துணிக்கு மேலேயே விரலால் தடவினார், உள்ளே இருந்த டம்மியின் திருகு மரை அவர் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது, முப்பத்தெட்டு வருடம் மரை தடவிய விரல். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “டம்மி! டம்மி!” என்று கத்தினார், மனைவியைத் திரும்பிப் பார்த்தார், என் பையைக் காட்டினார், மறுபடி கத்தினார். நான் அவர் கையைப் பிடித்து விலக்கினேன். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

எமிலி அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “சட்டையைப் பிடிக்கிறதா? நமக்காக ஒரு மாசமா அலையிற மனுஷரை?” என்று அவரைப் பார்த்துக் கேட்டார். “மன்னிப்புக் கேளுங்க. இப்பவே கேளுங்க.”

வரிசையில் நின்றவர்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக இரண்டு கையையும் கூப்பி, “தப்புதான்ப்பா. மன்னிச்சிரு,” என்றார்.

“பரவால்ல சார்,” என்றேன். நான் அவரை மன்னித்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது, அதை இந்தக் காதால் கேட்டேன், கேட்டுக்கொண்டு பொத்தானைப் பொறுக்கி எடுத்து அதே பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு செலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர்ச் சட்டிக்குள் கையை வைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ஊரு பூரா சூடு ஓடுது,” என்றாள். “சொரணைதான் ஒருத்தருக்கும் இல்ல. எனக்குஞ் சேத்துத்தான் சொல்லுதேன்.” அதற்குப் பிறகு அவள் அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை. மறுநாளிலிருந்து நான் மறுபடி சோறு பிசைந்து கொடுத்தேன்.

இதற்குப் பிறகாவது எழுந்து ஓடியிருப்பேன் என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். இல்லை, இன்னும் ஆறு நாள் ஓட்டினேன். இத்தனை நாள் கழித்துப் போய் இதோ ஐந்து நிமிட வேலை என்று எந்த முகத்தோடு மாட்டுவது? மாட்டினால் இத்தனை நாள் ஏன் மாட்டவில்லை என்று கேட்பார்களே? செய்த தப்பைவிட அது தெரிந்துபோகிற நிமிடத்துக்குத்தான் பயந்தேன், அந்தப் பயத்துக்கு வெட்கம் என்று பெயர் வைத்து, வெட்கப்படுகிறவன் நல்லவன்தான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு படுத்தேன். அந்த ஆறு நாளும் படகுக்குப் போனேன். முதல் நாள் படகில் கால் வைத்ததும் நின்றேன், விரல் நீளும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மனைவியை ஒருதரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். நான்காம் நாள் வாயையும் திறக்கவில்லை. பெண்கள்கூடக் கேட்டார்கள், “என்னங்க சார், இன்னைக்கு டம்மியைக் காணுமா?” அவர் பழத்தை மென்றுகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தாயிற்று, அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஏழாம் நாள், சித்திரை முடிய நான்கு நாள் இருக்கும்போது, முற்பகல் வெயிலில், துறை நிறைய ஆட்கள் குடத்தோடு நிற்கும்போது போனேன். தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போவதாகத்தான் முதலில் நினைத்தேன், அப்படிப் போனால் அங்கேயும் ஒரு பொய் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. பலகையைத் தூக்கினேன், தண்ணீரை நிறுத்தினேன், குழாயைக் கழற்றினேன், டம்மிக்கு வெள்ளை டேப்பை நான்கு சுற்றுச் சுற்றித் திருகி ஸ்பானரால் ஒரு இறுக்கு இறுக்கினேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். கீசரிலிருந்து கடைசியாகச் சில சொட்டு விழுந்தது, பிறகு நின்றுவிட்டது.

எமிலி அம்மா குனிந்து பார்த்தார். “என்ன தம்பி, பார்ட்ஸ் வந்துடுச்சா?”

“இது முதல் வாரமே எங்கிட்ட இருந்துச்சும்மா.”

“இவ்வளவுதானா வேலை?”

“இவ்வளவுதாம்மா.”

அவர் விரலால் அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு என்ன பேரு?”

அவர் கேட்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த கேள்வி அது. துறையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன், “டம்மி.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் காலிக் குடத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டார்கள். இடுப்பில் வைத்தால் சத்தம் வரும் என்றோ என்னவோ, குடத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பூனைகளைத் தாண்டித் தாண்டி வீட்டுக்கு நடந்தார்கள். தொம்மையும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எமிலி அம்மா பலகையின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, நான் என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பிறகு எழுந்து கணவருக்கு முன்னால் போய் நின்று, காது கேளாதவரிடம் பேசுகிறதைப்போலச் சத்தமாக, “ஏங்க, நீங்க சொன்னதுதாங்க சரி. டம்மிதான் போடணும். முதல் நாளே சொன்னீங்க, நான்தான் கேக்கல. உங்களைப் போய் மன்னிப்புக் கேக்க வச்சுட்டேன்,” என்றார்.

ஞானாபரணம் சார் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்க்கிற மரியாதை அவர் முகத்தில் வந்தது. போர்வையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்கம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்களே,” என்றார். “வீட்டுக்காரர் வரலையா?”

நேற்றுவரைக்கும் அவர் அந்த அம்மாவை எமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை நானே கேட்டிருக்கிறேன்.

“வந்துருவாரு,” என்று சொல்லிவிட்டு எமிலி அம்மா அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேரைப்போல, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொண்டல் காற்று இன்னும் மாறியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எமிலி அம்மா எழுந்து பாயை அவிழ்க்கத் தொடங்கினார், நான் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், இரண்டு அறை விட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“கரைக்கு இறங்கிக் கயிறை அவுத்துவிடுங்க தம்பி,” என்றார். அப்போதும் தம்பி என்றுதான் சொன்னார்.